அருவிக்குப் போகும் வழி சுலபம், மடுவில் இறங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அருவிக்குப் பத்து நிமிட நடைதான். படிக்கட்டும் கைப்பிடியும் உண்டு. கீழே தெளிந்த நீர் நிற்கும் ஒரு மடு, இணையத்தில் இருக்கும் படங்களில் பலர் அதில் நீந்துகிறார்கள். உங்களோடு வருவது 8 வயதும் 12 வயதுமான இரண்டு பிள்ளைகள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் 68 வயது அப்பா. உங்களுக்கு நீச்சல்குளத்தில் நீந்தத் தெரியும். எந்த நேரம் போவது, என்ன எடுத்துக்கொள்வது, பிள்ளைகளுக்குக் காற்றடைத்த ட்யூப் போதுமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்காமல் கேட்டது ஒன்று இருக்கிறது: இவ்வளவு எளிதாகப் போய்வரும் இடம் என்றால் தண்ணீரும் அப்படித்தானே இருக்கும்?

அப்படி இல்லை. படிக்கட்டு பாதையைப் பற்றித்தான் சொல்கிறது, தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நீச்சலும் நீர்மீட்பும் கற்றுக்கொடுப்பது என் தொழில். மூன்று மணி நேரம் மலையேறிப் போகிறவர்கள் நல்ல காலணி, கயிறு, விவரம் தெரிந்த துணை என்று ஒரு தயாரிப்போடு போவார்கள். பத்து நிமிட அருவிக்குச் செருப்போடு, இடுப்பில் குழந்தையோடு, சாப்பிட்ட கையோடு வந்துவிடுவார்கள். இரண்டு இடத்திலும் தண்ணீர் ஒன்றுதான். போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சரியான நாளில் அருவி மடுவைப் போலக் குழந்தைகளுக்கு மகிழ்ச்சி தரும் இடம் குறைவு. ஆனால் இறங்கலாமா என்பதை வீட்டில் இருந்தபடி படத்தைப் பார்த்து நீங்களும் முடிவு செய்ய முடியாது, நானும் சொல்ல முடியாது. கரையில் நின்று ஒரு கால் மணி நேரம் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எதைப் பார்ப்பது என்பதை மட்டும் நான் சொல்லலாம்.

முதலில் மடு எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பாதி விஷயம் அதிலேயே விளங்கிவிடும். விழும் நீரும் அது உருட்டிக்கொண்டு வரும் கற்களும் அடித்தரையை இடைவிடாமல் குடைகின்றன. பல அருவிகளில் மேலே கடினமான பாறையும் அதற்குக் கீழே மென்மையான பாறையும் இருக்கும். நயாகராவில் மேலே டோலமைட், அடியில் களிப்பாறை. அடியில் இருப்பது வேகமாக அரித்துப் போவதால் பாறைக்கு உள்ளே குடைவுகள் உண்டாகும். இதனால் மடு பொதுவாக அருவி விழும் இடத்தை ஒட்டி மிக ஆழமாகவும், நீர் வெளியேறும் பக்கம் சரளையும் மணலும் படிந்து ஆழம் குறைந்தும் இருக்கும். இது பொதுவான வடிவம், எல்லா மடுவும் இப்படியே இருந்தாக வேண்டும் என்றில்லை. கரையோரம் இரண்டு எட்டு வைக்கும்வரை முழங்கால் ஆழம், மூன்றாவது எட்டில் கால் எட்டாமல் போவது மடுக்களில் சாதாரணம். நீச்சல்குளம் மாதிரி சீராகச் சரிந்து போகாது.

அடுத்து, விழுந்த நீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயரத்திலிருந்து கனமாக விழும் நீர் கீழே வந்து சேரும்போது மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். மெல்லிய திரையாக விழுந்தால் காற்றில் சிதறி வேகம் குறையும். கனமான தாரை அப்படியே மடுவுக்குள் பாய்ந்து, காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு, அடித்தரையில் மோதி, கொஞ்சம் தள்ளி மேலே பொங்கி வரும். அந்தப் பொங்குமிடத்திலிருந்து நீர் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி வெளியே ஓடுகிறது, இன்னொரு பகுதி மேற்பரப்பிலேயே திரும்பி அருவியை நோக்கிப் போகிறது. அந்தத் திரும்பும் நீரில் மாட்டியவரை அது அருவிக்கு அடியில் கொண்டுபோய்விடும், அங்கே தாரை அழுத்தும், மறுபடி பொங்குமிடம், மறுபடி அருவி.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு கைப்பிடி காய்ந்த இலைகளை எடுத்து மடுவின் பல இடங்களில் வீசிப் பாருங்கள். அருவிக்கு அருகே போட்ட இலை அருவியை நோக்கி நகர்கிறதா? ஒரு ஓரத்தில் சுற்றிச் சுற்றி வருகிறதா? வெளியேறும் வாய்க்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேருகிறது? ஐந்து நிமிடம் இதைப் பார்த்தால் மேற்பரப்பின் ஓட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இலை அருவியை நோக்கித் திரும்பும் எல்லை எதுவோ அதற்கு வெளியேதான் உங்கள் குடும்பம் இருக்க வேண்டும். பிள்ளைகளையே இலை வீசச் சொல்லுங்கள். “அங்கே போகாதே” என்று பத்து முறை சொல்வதைவிட இலை திரும்பிப் போவதைப் பார்த்த பிள்ளை நன்றாகப் புரிந்துகொள்ளும். ஆனால் இலை மேற்பரப்பைத்தான் காட்டும். அடியில் ஓடும் நீரையும் பாறைக் குடைவையும் காட்டாது.

வெள்ளை நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. நுரையும் குமிழியுமாக இருக்கும் நீரில் ஆள் மிதக்கமாட்டார் என்று சொல்வார்கள். இதில் உறுதியான பகுதி: மூச்சை நிரப்பிய மனித உடல் நீரைவிடச் சில சதவீதம்தான் இலேசு, எனவே நீரில் பத்தில் ஒரு பங்கு காற்று கலந்தாலே மிதக்கும் பலம் போய்விடும், கைகால் அடித்தாலும் பிடிமானம் கிடைக்காது. உறுதியில்லாத பகுதி: குமிழிகளோடு மேலே எழும் நீர் ஆளையும் தூக்கும் என்பதால் எங்கே மூழ்குவார், எங்கே மேலே வருவார் என்பது இடத்துக்கு இடம் மாறும். சுழலில் மாட்டினால் அடியில் மூழ்கி வெளியேறு என்று சிலர் சொல்லும் யோசனையும் இந்த வகைதான். பயிற்சி பெற்றவர்களுக்குச் சில இடங்களில் அது உதவியிருக்கலாம், குடும்பத்தோடு போகிறவர் அதை நம்பித் தண்ணீரில் இறங்கக் கூடாது. வெள்ளையாக இருக்கும் நீர் உங்களுக்கு உரியதில்லை, அவ்வளவுதான்.

பக்கத்திலேயே ஒரு சிறிய தடுப்பணை இருந்தால், “அருவி ஆபத்து, இது மனிதர் கட்டியது, உயரமும் குறைவு” என்று அங்கே குளிக்கப் போகிறவர்கள் உண்டு. உண்மை நேர்மாறு. இயற்கை அருவியின் விளிம்பு கோணல்மாணலாக இருப்பதால் சுழலில் எங்காவது ஒரு இடைவெளி இருக்கும். தடுப்பணையின் விளிம்பு நேர்க்கோடு. கரைக்குக் கரை ஒரே சீரான சுழல் நிற்கும், இரண்டு பக்கமும் சுவர், தப்ப வழியே இருக்காது. ஓர் ஆள் உயரம்கூட இல்லாத தடுப்பணைகளில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் இறந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம்விட நான் முதலில் போய்ப் பார்ப்பது மடுவின் கடைவாயைத்தான், அதாவது நீர் மடுவை விட்டு வெளியேறும் இடம். எல்லோருடைய கண்ணும் அருவி விழும் பக்கமே இருக்கும், படமும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் எடுப்பார்கள். யாராவது ஒருவர் கால் தவறினால் தண்ணீர் அவரைக் கொண்டுபோகும் இடமோ கடைவாய்தான். அங்கே நீர் பரந்து, கணுக்கால் ஆழத்தில், சரளை மேல் நிதானமாக ஓடினால் தவறி மிதந்து வருகிறவர் தானாகத் தரை தட்டி நின்றுவிடுவார். அப்படிப்பட்ட மடு சில தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கடைவாய் குறுகி, இரண்டு பாறைகளுக்கு நடுவே வழவழப்பாக வேகமெடுத்தால், கீழே இன்னொரு வீழ்ச்சியோ பாறை இடுக்கோ அடைபட்ட மரக்கிளைகளோ இருந்தால், மடு எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். கிளைகள் குறிப்பாக மோசம். தண்ணீர் ஊடே போய்விடும், ஆள் போகமாட்டார், பின்னால் வரும் நீர் அவரை அதிலேயே அழுத்திப் பிடித்துவிடும். கடைவாயிலிருந்து கீழே குறைந்தது நூறு எட்டாவது நடந்து பாருங்கள். நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

அங்கே நிற்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழத்திலேயே ஒரு பெரியவரைச் சாய்த்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது, அதனால் கண் போடும் கணக்கு எப்போதும் குறைவாகவே இருக்கும். அடித்துப் போகும்போது எழுந்து நிற்க முயல்வதுதான் பெரும்பாலோர் செய்வது. பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொண்டால் ஓட்டம் உடலை முன்னால் சாய்த்து, இடுப்பளவு நீரிலேயே முகத்தை மூழ்கடித்துவிடும். நீர் மிக ஆழம் குறைந்து வேகமும் அடங்கும்வரை மல்லாந்து, பாதங்களை நீரோட்டத் திசையில் நீட்டி, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரியும்படி மிதந்து போக வேண்டும். 12 வயதுப் பிள்ளைக்கு இதை நீச்சல்குளத்திலேயே பழக்கிவிடலாம்.

ஆழத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். ஒளி விலகலால் நேர் மேலே இருந்து பார்த்தாலும் நீர் தன் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்காகத்தான் தெரியும், கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு. 1.2 மீட்டராகத் தெரிவது 1.6 மீட்டராக இருக்கும். உங்களுக்குக் கழுத்தளவு என்றால் 8 வயதுப் பிள்ளைக்கு அது தலைக்கு மேல். நீண்ட கம்பு ஒன்றை ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டு நீங்கள் முதலில் இறங்குங்கள், பிள்ளைகள் அதற்குப் பிறகு.

பாறையிலிருந்து குதிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 12 வயதுப் பிள்ளை கேட்கும், அங்கே நாலு பேர் குதித்துக்கொண்டிருப்பார்கள். போட்டிகளில் 10 மீட்டர் மேடைக்குக் கீழே ஏறக்குறைய 5 மீட்டர் ஆழம் வைக்கிறார்கள், அதுவும் வெறும் தளமாக, கல்லும் கட்டையும் இல்லாத தண்ணீரில். மடுவில் ஆழம் இருந்தாலும் அடியில் என்ன கிடக்கிறது என்பது ஒவ்வொரு வெள்ளத்துக்கும் மாறும். “போன வருடம் இங்கேதான் குதித்தேன்” என்பது சான்றே இல்லை. அரிசோனாவில் ஹவாசு ஓடையில் 2008 ஆகஸ்டில் வந்த ஒரே வெள்ளம் நவாஜோ அருவியை வறண்டுபோகச் செய்து, ஓடையை வேறு வழியில் திருப்பிப் புது அருவிகளையே உண்டாக்கிவிட்டது. ஓர் அருவியே இடம் மாறும்போது ஒரு பாறை மடுவுக்குள் உருண்டு வருவது பெரிய விஷயமா? தலைகீழாகப் பாய்வது எந்த உயரத்திலிருந்தும் வேண்டாம், கழுத்தெலும்பு முறிவது அதில்தான்.

அப்பாவுக்கு வருகிறேன். இங்கே குளிர்தான் கேள்வி. நீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், இறங்கிய முதல் அரை நிமிடத்தில் தானாகவே மூச்சு வாரி இழுக்கும், நாடி எகிறும், இரத்த அழுத்தம் ஏறும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது அடங்கும். அந்த முதல் இழுப்பு தலை நீருக்குள் இருக்கும்போது வந்துவிட்டால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். நன்றாக நீந்துகிறவர்களும் இதில் மாட்டுகிறார்கள். இது நன்றாக ஆராய்ந்து அறியப்பட்டது. முகம் சட்டென்று குளிர்நீரில் மூழ்கும்போது இதயத்தை மெதுவாக்கும் எதிர்வினை ஒன்றும் சேர்ந்து வருகிறது. ஒன்று வேகப்படுத்த, மற்றொன்று மெதுவாக்க, இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று உடலியல் ஆய்வாளர்களான மைக் டிப்டனும் மைக்கேல் ஷாட்டாக்கும் 2012-ல் விளக்கினார்கள். நீர்மரணங்களில் எத்தனை இதனால் என்று கணக்கிடுவது கடினம், ஏனென்றால் பிரேதப் பரிசோதனையில் அது தடயம் விட்டுப்போகாது. உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சில அழுத்த மாத்திரைகள் நாடியையே கட்டுப்படுத்துபவை. மருத்துவர் சரி என்றால் ஓரத்தில் உட்கார்ந்து கால், கை, முகம், மார்பு என்று மெல்ல நனைத்துப் பழகிய பிறகு முட்டளவு நீரில் குளிக்கலாம். தாரைக்கு அடியில் தலையைக் கொடுப்பது வேண்டாம். குளிர் மட்டும் காரணமில்லை: அந்தத் தாரையோடு ஒரு கூழாங்கல் வந்தாலும் அது நீரின் வேகத்திலேயே வரும்.

எப்போது போவது? மழை ஓய்ந்து சில நாள் ஆகி, நீர் தெளிந்த பிறகு, காலையில். உச்சிவெயில் நேரத்தில் அடித்தரை நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் மலைப்பகுதிகளில் மதியத்துக்கு மேல் இடிமழை கூடுவது வழக்கம், கூட்டமும் அப்போதுதான். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருப்பதை நம்பாதீர்கள். அருவிக்கு வரும் நீர் எங்கிருந்து வருகிறதோ அந்த மேட்டில் பெய்த மழைதான் கணக்கு, வானிலை முன்னறிவிப்பிலும் அந்தப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். மேலே அணை இருந்தால் நீர் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வந்தவுடன் நீர்விளிம்பில் ஒரு கல்லை வையுங்கள், அல்லது ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். அடிக்கடி அதைப் பாருங்கள். கல் நனையத் தொடங்கினால், தெளிந்த நீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கினால், அருவியின் ஓசை தடித்தால், எதற்காகவும் காத்திருக்காமல் எல்லோரும் மேலே ஏறிவிடுங்கள், பையைக்கூட எடுக்க வேண்டாம். இவற்றில் எதுவுமே காட்டாமல் வெள்ளம் வருவதும் உண்டு. அதனால் வந்தவுடனேயே மேட்டுக்கு ஏறும் வழியைப் பார்த்து வையுங்கள், ஓட்டத்தைக் கடந்துதான் மேட்டுக்குப் போக முடியும் என்ற பக்கத்தில் உட்காராதீர்கள்.

நோய்களைப் பற்றிய பயம் கொஞ்சம் அதிகமாகவே பரவியிருக்கிறது. மூளையைத் தாக்கும் அமீபா, வெதுவெதுப்பாகத் தேங்கிய நன்னீரை விரும்புவது, மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும், குடித்தால் வராது, நோயும் மிக அரிது. குளிர்ந்து ஓடும் அருவி நீரில் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. எலிக்காய்ச்சல் அதைவிட நடைமுறைக் கவலை. மழைக்குப் பிந்திய கலங்கல் நீரில் இருக்கும் கிருமி தோலில் உள்ள கீறல் வழியாக நுழையும். ஆறாத புண் இருந்தால் இறங்க வேண்டாம். பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அருவியில் குளித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும், “எல்லோரும் பார்த்துக்கொள்வோம்” என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். முறை வைத்துக்கொள்ளுங்கள், முறைக்காரர் கையில் கைபேசி இருக்கக் கூடாது. மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். மூச்சுவிடவே வாய் போதாதவருக்குக் குரல் வராது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் திறந்து மூடி, கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்திக்கொண்டு, நின்ற வாக்கில் இருப்பார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், சிறு பிள்ளை என்றால் இன்னும் விரைவு. அப்படி ஒருவரைப் பார்த்தால் கம்பை நீட்டுங்கள், கயிறு எறியுங்கள், மூடிய காலிக் கேனை எறியுங்கள். நீச்சல்குளத்தில் நீந்தத் தெரிந்த அப்பாவோ அம்மாவோ பின்னால் குதிப்பதுதான் ஒரு மரணத்தை இரண்டாக்குவது. வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் மார்பு அழுத்தத்தோடு வாய்வழி மூச்சும் கட்டாயம் கொடுக்க வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்துபோவது ஆக்சிஜன். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்ற முயல வேண்டாம், நேரம் போகும், வாந்தி மூச்சுக்குழலில் போகும். தப்பித்தவருக்கு இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை பல நாள் கழித்து “உலர் மூழ்கலால்” திடீரென்று இறந்தது என்று சுற்றிவரும் செய்திகளை மருத்துவ உலகம் ஏற்பதில்லை.

எடுத்துப்போக வேண்டியது அதிகமில்லை. 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு, பாசியில் பிடிக்கும் ரப்பர் அடிப்பாகம் கொண்ட, பின்பக்கம் வார் உள்ள காலணி (ஈரப் பாறையில் சறுக்கி விழுவதுதான் அங்கே மிகச் சாதாரணமான காயம்), மாற்றுத் துணி, துவாலை, முதலுதவிப் பெட்டி, சீழ்க்கை ஒன்று, ஏனென்றால் அருவி இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. கைபேசிக்கு அங்கே தொடர்பு கிடைக்கிறதா என்று படி இறங்கும்போதே பார்த்து, கடைசியாகத் தொடர்பு இருந்த இடத்தை நினைவில் வையுங்கள். சோப்பும் ஷாம்பூவும் பைக்குள்ளேயே இருக்கட்டும், அந்த நீரில்தான் மீனும் தவளையும் வாழ்கின்றன.

ட்யூப் வாங்காதீர்கள். அது பிள்ளையைப் பிடித்துக்கொள்வதில்லை, பிள்ளைதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கூர்ப்பாறையில் உரசினால் காற்றுப் போய்விடும், காற்று வீசினால் கடைவாய்ப் பக்கம் தானாக நகரும், கவிழ்ந்தால் கால் மேலே தலை கீழே. நுரைத்தகடு வைத்த உயிர்காப்புச் சட்டை வாங்குங்கள், வயதைப் பார்த்து அல்ல, உள்ளே எழுதியிருக்கும் எடை அளவைப் பார்த்து. தொடைகளுக்கு இடையே போகும் வார் இருக்க வேண்டும். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காதுவரை ஏறி வந்தால் அளவு பெரிது, கடையிலேயே மாற்றிவிடுங்கள். கிளம்புவதற்கு முந்திய வாரம் நீச்சல்குளத்தில் இரண்டு பிள்ளைகளையும் அதைப் போட்டு மல்லாந்து மிதக்க வைத்துப் பழக்குங்கள், பழகாத சட்டை முதல் முறை நீரில் பயமுறுத்தும். சட்டை போட்டாலும் மேலே சொன்ன இலை எல்லைக்கு இந்தப் பக்கம்தான். காற்று கலந்த நுரையில் அதன் மிதப்பும் குறையும்.